பின் சக்கரம் கொடுத்த சுருதி

என் காது போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்ட அந்த ஐப்பசி மாதத்தில் எங்கள் காருக்கு வயது பதினேழு, எனக்கு ஐம்பத்து நான்கு. இரண்டில் எது முதலில் படுக்கப்போகிறது என்று என் மனைவி என் முகத்துக்கு நேராகவே கேட்பாள். நாகர்கோவிலில் நர்ஸாக வேலை பார்க்கிறவள். கனிவெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி, வீட்டுக்கு வந்தால் எனக்கும் காருக்கும் கேலிதான்.

நான் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. சுழல்கிற எதுவும் கெட்டுப்போவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும். அதைக் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் எங்கள் வேலையில் மரியாதை. மேலே ஏறிக் கண்ணை மூடி நின்றால் எந்தப் பேரிங் முனகுகிறது என்று சொல்லிவிடுவேன் என எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் பாதி உண்மை, மீதி நானே பரப்பியது.

ஞாயிற்றுக்கிழமையானால் நாகர்கோவிலைத் தாண்டி, நான் பிறந்த ஊர் வேதக்கோயிலுக்கு, அதாவது கிறிஸ்தவ தேவாலயத்துக்குப் போய்ப் பாடகர் குழுவில் நிற்பேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் நாலு வரிசையாக நின்று நாலு குரலில் பாடுவார்கள். பெண்கள் இரண்டு வரிசை, மேல்குரலில் பாடும் ஆண்கள் ஒரு வரிசை, அவர்களை டெனர் என்போம். அடிக்குரல்காரர்களான நாங்கள் பேஸ். கடைசி வரிசையில் ஜன்னலோரம் முப்பது வருஷமாக என் இடம். ஆக, வாரத்தில் ஆறு நாள் காது எனக்குச் சோறு போட்டது, ஏழாம் நாள் சந்தோஷம் கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே காது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பாடகர் குழுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்காவது ஒரு சத்தம் ஒரே சீராக ஒலித்தால், அதன்மேல் இன்னொரு குரலைப் போடாமல் எங்களால் இருக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினால், பந்தியில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் அவர்களுக்கே தெரியாமல் வாய்க்குள் முனகிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டு மிக்ஸிக்கு நான் பேஸ் பாடுவதாக மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான்.

சத்தம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஐப்பசி மழையில் தோவாளைப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறிக்கிடந்த ஒரு நாள், முன்னால் போன லாரி போய்விட்டதே என்ற தைரியத்தில் நானும் காரை விட்டேன். பாதி சக்கரம் மூழ்கியது. எப்படியோ அக்கரை சேர்ந்தேன். ஒரு வாரம் கழித்து அது வந்தது. யாரோ வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுவது போல, கீழேயிருந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல். ஐம்பதுக்குக் கீழே ஓட்டினால் இல்லை. ஜன்னலைத் திறந்தால் இல்லை. மழைக்கு ஜன்னலை ஏற்றி, ஐம்பத்தைந்தில் ஒரே சீராகப் போனால் மட்டும், ம்ம்ம்.

ஐம்பத்தைந்து என்பது எங்கள் காரின் சட்டம். அதற்கு மேல் போனால் டாஷ்போர்டு உதறும், மனைவி திட்டுவாள். அதனால் நல்ல ரோடு கிடைத்தால் முள்ளை ஐம்பத்தைந்தில் நிறுத்தி அப்படியே போய்க்கொண்டிருப்பேன்.

முதலில் மனைவியிடம்தான் கேட்டேன். "ஏட்டி, வீல் பக்கம் ஒரு சத்தம் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே" என்றாள்.

அவளுக்கு எப்படிக் கேட்கும்? ஜன்னலை அடைத்தால் அவளுக்குக் குமட்டும். கொட்டுகிற மழையிலும் நாலு விரற்கடை இறக்கி வைத்துக்கொண்டு, பாதி நனைந்துதான் வருவாள். அவள் பக்கத்தில் இருக்கும்போது காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் அந்தக் காரில் கேட்காது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை என்பது மட்டும் நெஞ்சில் தைத்தது.

ஆரல்வாய்மொழியில் எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். நல்ல மனிதர். பேச்சு குறைவு, கை சுத்தம்.

"எப்படிச் சத்தம் அண்ணாச்சி?"

நான் பாடிக் காட்டினேன். சாதாரண ஆள் என்றால் 'ஊ' என்று ஏதோ ஊளையிடுவான். நான் சுருதி சுத்தமாக, ஒரே மூச்சில், அடிவயிற்றிலிருந்து பாடினேன். பட்டறையில் வேலை நின்றது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மெக்கானிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லாப் பாடுதியளே" என்றார்.

பிறகு காரை எடுத்துக்கொண்டு போனார். அவர் எந்த வண்டியை ஓட்டினாலும் ஜன்னலை முழுதும் இறக்கி, வலது கையை வெளியே போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவன் பேசுவதே கேட்காது, காற்று அப்படி அடிக்கும். திரும்பி வந்து, டயர் தேய்ந்துவிட்டது என்றார். முன் டயர் இரண்டையும் மாற்றினேன். சனிக்கிழமை மழையில் ஜன்னலை ஏற்றிக்கொண்டு போனபோது, புது டயரோடு பழைய ம்ம்ம்.

அடுத்து மார்த்தாண்டம். மனைவியோடு அருமனையில் அவள் தங்கை வீட்டுக்குப் போய், ஒரு நாள் தங்கிவிட்டு வரும் வழியில், இதில் பெரிய கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்த ஒருவரிடம் காரை விட்டேன். அவரும் பாடச் சொன்னார், பாடினேன். அவரும் ஓட்டிப் பார்க்கப் போனார். மார்த்தாண்டம் ஜங்ஷனில் எந்த நேரத்தில் ஒரு கார் ஐம்பத்தைந்தில் போயிருக்கிறது? பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு நகரும் ரோட்டில், அவர் ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தார். ஆனால் வந்ததும் இறங்கி, முகமெல்லாம் சிரிப்பாக, பின் சக்கரத்தின் மூடியை நெம்பி எடுத்து எனக்கு முன்னால் கவிழ்த்தார். ஒரு ரப்பர் விதை விழுந்தது.

"இதாக்கும் உங்க சத்தம்!"

அருமனையில் ரப்பர் தோட்டத்துக்குள் காரை நிறுத்தியிருந்தோம். வெடித்துத் தெறித்த விதை எப்படியோ மூடியின் ஓட்டை வழியே உள்ளே போயிருக்கிறது. மெதுவாகப் போகும்போது 'டக் டக்' என்று உருண்டிருக்கும். நான் சொன்னது டக் டக் அல்ல, ம்ம்ம். அது எனக்கும் தெரியும், ஆனாலும் மனசுக்கு அப்போது ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பளபளவென்று புள்ளி போட்ட அந்த விதையை மனைவி வாங்கி, "இதுக்கா ரெண்டு டயர் மாத்தினியோ?" என்று கேட்டுவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை மழை பெய்தது. ஐம்பத்தைந்தைத் தொட்டேன். ம்ம்ம்.

சனிக்கிழமை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, அன்றுதான் எங்கள் பாட்டு ஒத்திகை. மாலை நாலு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, தோவாளையில் ஒரு நண்பனை ஏற்றிக்கொள்வேன். பூ வியாபாரி. என்னைவிடப் பத்து வயது இளையவன், என்னை அண்ணாச்சி என்பான். டெனர் வரிசையில் அவன்தான் தூண். காரில் ஏறும்போதே ஒரு இலைப்பொதியில் பிச்சிப்பூ கொண்டுவந்து டாஷ்போர்டில் வைப்பான், கார் முழுக்க மணக்கும். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து பாட்டுதான். மழை, ஏற்றிய ஜன்னல், பூ வாசம், அவன் மேலே, நான் கீழே. வயல்களுக்கு நடுவே அந்த அரை மணி நேரம் எனக்கு வாரத்தின் மிகச் சந்தோஷமான நேரம்.

"லேய், உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று அவனிடமும் ஒருமுறை கேட்டேன்.

"என்ன சத்தம்? நம்ம சத்தம்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாட ஆரம்பித்தான்.

மனைவிக்குக் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்கவில்லை, இரண்டு மெக்கானிக்குகளுக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது.

அப்போதுதான் கோயிலிலும் இடி விழுந்தது. அந்த வருஷம் கிறிஸ்மஸ் பாடல் ஆராதனையில் முதல் பாட்டைக் கீபோர்டு எதுவும் இல்லாமல், வெறும் குரலில் பாடுவதாக ஏற்பாடு. குழுவை நடத்துகிறவர் ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம், ஆனால் சுருதி விஷயத்தில் போலீஸ். ஒத்திகையில் முதல் பாட்டு நாலு வரி போனதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பேஸ்ல ஒருத்தர் இறங்குதாங்க."

இறங்குவது என்றால், சுருதி கொஞ்சம் தாழ்ந்து போவது. கடைசி வரிசையில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நானும் பக்கத்தில் நின்றவரைச் சந்தேகமாகப் பார்த்தேன். டீச்சர் ஒவ்வொருவராகப் பாடச் சொன்னார். என் முறை வந்தது. பாடினேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு என் மனைவி டியூட்டி முடிந்து நேராகப் பஸ்ஸில் கோயிலுக்கு வந்துவிட்டாள். நானும் பூக்கார நண்பனும் மழையில் காரில் போய்ச் சேர்ந்தோம். ஆராதனையில் ஒத்திகைப் பாட்டை ஒருமுறை பாடிப் பார்த்தோம். என் மனைவிக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. இருபத்தெட்டு வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறாள், நாலு குரலும் அவளுக்கு ஒரே குரல்தான். அன்று வெளியே வந்ததும் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பூரிப்போடு சொன்னாள். "இண்ணைக்குத்தான் முத முதலா உங்க குரல் எனக்குத் தனியாக் கேட்டுது!"

அவள் பாராட்டினாள். ஆனால் மற்றக் குரல்களோடு கலந்து நிற்க வேண்டிய பேஸ்காரன் கடைசி பெஞ்சுக்குத் தனியாகக் கேட்டால், அவன் செத்தான் என்று அர்த்தம்.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. கிறிஸ்மஸ் வரைக்கும் முதல் பாட்டுல மட்டும் சும்மா வாய அசைச்சாப் போதும். மத்தப் பாட்டெல்லாம் பாடுங்க. நீங்க இல்லேண்ணா வரிசை நல்லா இருக்காது."

நான் சிரித்தபடி "சரி டீச்சர்" என்றேன். காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. முப்பது வருஷம் நின்ற இடத்தில் இனி மீனைப் போல வாயைத் திறந்து மூட வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. யாருக்கும் கேட்காத ஒரு முனகல் எனக்கு மட்டும் கேட்கிறது. எல்லோருக்கும் தெரிகிற சுருதி எனக்கு மட்டும் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் இரைகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவனின் காது, வேறென்ன ஆகியிருக்கும்? முனகுவது சக்கரம் இல்லை, என் தலைக்குள் இருக்கிற ஏதோ ஒன்று. அப்படித்தான் முடிவு கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. நர்ஸான மனைவியிடம் சொன்னால் மறுநாளே காது டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிடுவாள். டாக்டர் வாயால் கேட்காத வரை அது உண்மையில்லை என்று ஒரு முட்டாள்தனம். காரில் போகும்போது அந்தச் சத்தத்தைக் கேட்காமலிருக்க, நானும் நண்பனோடு சேர்ந்து முன்னைவிடச் சத்தமாகப் பாட ஆரம்பித்தேன்.

காப்பாற்றியது டீச்சரின் விடாப்பிடிதான். அடுத்த ஒத்திகையில் நான் வாயை மட்டும் அசைத்தேன். டீச்சர் கையை உயர்த்தினார். மறுபடியும் யாரோ இறங்குகிறார்கள். இந்தத் தடவை டெனர் வரிசை. ஒவ்வொருவராகப் பாடச் சொல்லிப் பார்த்தால், எங்கள் பூக்காரன். டெனர் வரிசையின் தூண்! கோயிலுக்குள்ளேயே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினார். யார் எப்போது பிசகினார்கள் என்று தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார், அப்படிப்பட்ட ஆள். "ரெண்டு பேரும் முதல் பாட்டுல மட்டும் இறங்குதியோ. அரை மணி கழிச்சு சரியாயிடுது. போன மாசம் ரெண்டாவது ஞாயிறு ரெண்டு பேருமே சரியாத்தான் பாடியிருக்கியோ." நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எதுல வாறியோ?"

"அண்ணாச்சி கார்ல" என்றான் நண்பன்.

"ரெண்டாவது ஞாயிறு?"

யோசித்தேன். அன்று என் மனைவியும் கூட வந்தாள். அவளுக்காக ஜன்னல் திறந்திருந்தது.

ஒத்திகை முடிந்ததும் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் காரின் பின் ஸீட்டில் ஏறிவிட்டார். "தோவாளை வரைக்கும் போய்ட்டு வருவோம். எப்பவும் வாற மாதிரியே ஓட்டுங்க."

இன்னும் வெளிச்சம் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நாகர்கோவில் தாண்டி ரோடு விரிந்ததும் ஜன்னல்களை ஏற்றி முள்ளை ஐம்பத்தைந்தில் நிறுத்தினேன். எங்கே அது வந்துவிடுமோ என்று பயம். வராமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயம். வந்தது.

"அண்ணா, நீங்க முனகாதீங்க" என்றார் டீச்சர்.

"நான் முனகல்லியே."

"அப்ப நீங்களா?"

"நான் வாயே திறக்கல்ல டீச்சர்" என்றான் நண்பன். பிறகு என் பக்கம் மெதுவாகத் திரும்பினான். "அண்ணாச்சி, அப்ப இத்தனை நாளும் கேட்டது நீங்க இல்லியா?"

மூன்று பேரும் பேசாமல் கேட்டோம். ம்ம்ம். அவன் இத்தனை வாரமும் அதை என் குரல் என்று நினைத்திருக்கிறான்! அண்ணாச்சி முனகுகிறார், நாமும் சேர்ந்துகொள்வோம் என்று, அந்தச் சக்கரத்தைச் சுருதிப்பெட்டியாக வைத்து அவன் மேலே பாடியிருக்கிறான். அவனைக் கேட்டு நான் கீழே பாடியிருக்கிறேன். அரை மணி நேரம் அந்த ஒரு ஸ்வரத்தைக் காதில் ஊற்றிக்கொண்டு கோயிலில் போய் இறங்கினால், டீச்சர் கொடுக்கும் சுருதி எங்கே ஏறும்?

எனக்கு அதெல்லாம் அப்புறம்தான் புரிந்தது. அந்த நிமிஷத்தில் தோன்றியது ஒன்றே ஒன்று. இவர்களுக்கும் கேட்கிறது. என் காதில் ஒன்றுமில்லை. என் காது நன்றாக இருக்கிறது! ஸ்டியரிங்கை இரண்டு அடி அடித்தேன். கண் கலங்கி ரோடு தெரியாமல், வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தரம் வைப்பரைத் தேடினேன்.

டீச்சர் கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து முன்னால் நீட்டினார். "நம்ம முதல் பாட்டு எஃப் சுருதில. இது அதுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. பாருங்க, நீங்க ரெண்டு பேரும் இறங்குத அதே அளவு." பிறகு, "அண்ணா, கொஞ்சம் வேகமாப் போங்க" என்றார். ஐம்பத்தாறு. முனகல் லேசாக ஏறியது. ஐம்பத்தேழு.

"நிறுத்துங்க, இதே வேகம்! இப்ப சரியான எஃப்!" என்று பின்னாலிருந்து கத்தினார். "ஐயோ அண்ணா, ரெண்டு கிலோமீட்டர் வேகமா வந்திருந்தா ஒரு பிரச்சனையும் இருந்திருக்காது!"

காருக்குள் நாங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. அப்புறம் என்ன செய்தோம் என்று நினைக்கிறீர்கள்? சொன்னேனே, எங்கள் வியாதி. டாஷ்போர்டு உதற உதற ஐம்பத்தேழில் அந்த முதல் பாட்டை முழுதாகப் பாடினோம். நண்பன் டெனர், நான் பேஸ், டீச்சர் மேல்குரல், சக்கரம் சுருதி. இரண்டாவது சரணத்தில்தான் டீச்சருக்கு உறைத்தது. "நாம என்ன செய்யுதோம்? கெட்டுப்போன வீலை வச்சா பாடிட்டுப் போறோம்? மெதுவாப் போங்க!"

வேகத்தைக் குறைத்ததும் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. சுழல்கிற ஒன்று, வேகத்தோடு ஏறும் ஒரு முனகல். பேரிங் இல்லாமல் வேறென்ன? காற்றாலையில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். பயந்தவன் காதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ரோடு காலியாக இருந்த இடத்தில் மறுபடி கொஞ்சம் வேகமெடுத்து, ஸ்டியரிங்கை மெல்ல வலது பக்கம் திருப்பினேன். பாரம் இடது சக்கரங்களில் விழுந்தது, முனகல் பெருத்தது. இடது பக்கம் திருப்பினேன், அடங்கியது. அப்படியென்றால் இடது பக்கம்தான்.

"முன்னாலயா பின்னாலயா டீச்சர்?"

"எனக்கு நேரே கீழ!" என்றார், இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர், காலைத் தூக்கி ஸீட்டில் வைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை ஆரல்வாய்மொழி மெக்கானிக்கிடம் போய், இந்தத் தடவை பாடிக் காட்டாமல், "இடது பின் வீல் பேரிங்" என்றேன். ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுழற்றி, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சக்கரத்தின் நடுப்பகுதியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். நானும் கேட்டேன். கரகரவென்று மணலை அரைப்பது போல இருந்தது. என் வாழ்நாளில் எந்தப் பாட்டும் எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

கழற்றி எடுத்த பேரிங் உள்ளுக்குள் துருவேறிச் சிவந்திருந்தது. தோவாளைத் தண்ணீர். "ஜன்னல அடைச்சிட்டு ஓட்டியிருக்கணும் அண்ணாச்சி, தப்பு எனக்க தப்பு" என்றார் அவர். புதுப் பேரிங்குக்கு மட்டும்தான் காசு வாங்கினார். நான் பழையதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வீட்டில் மனைவி அதையும் ரப்பர் விதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்து என்ன பொறுக்கிட்டு வரப்போறியோ?" என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயை மட்டும் அசைக்கச் சொன்னதை, காது போய்விட்டது என்று நினைத்ததை. கேலி செய்வாள் என்று நினைத்தேன். "இதைப் போய் ஒத்தைக்கு வச்சிட்டு இருந்தியளா?" என்றாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் நண்பனும் அமைதியான காரில் ஒத்திகைக்குப் போனோம். அவ்வளவு அமைதி எங்களுக்குப் பழக்கமில்லை. பாட ஆரம்பித்தால் எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் இரண்டு பக்கம் போனோம். கடைசியில் பாடாமலே பிச்சிப்பூ வாசத்தில் போய் இறங்கினோம். டீச்சர் சுருதி கொடுத்தார். பாடினோம். நாலு வரி போயிற்று, எட்டு வரி போயிற்று, அவர் கை உயரவில்லை. பாட்டு முடிந்ததும் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். என் பக்கம் பார்த்து, "அண்ணா, இனி வாய அசைக்க வேண்டாம்" என்றார்.

கிறிஸ்மஸ் பாடல் ஆராதனை மாலை ஆறு மணிக்கு. கோயில் நிறைந்து, வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். என் இடத்தில், கடைசி வரிசை ஜன்னலோரம் நின்றேன். முதல் பாட்டு. கீபோர்டு இல்லை, எதுவும் இல்லை. டீச்சர் ஒரே ஒரு தடவை சுருதியை முனகினார். மூச்சை இழுத்து அந்த எஃப்-ஐத் தொட்டேன். காலடியில் தரையைத் தொட்டது போல இருந்தது. நாலு குரலும் பூட்டிக்கொண்டன. முன்னால் டெனர் வரிசையிலிருந்து பூக்காரன் லேசாகத் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இரண்டாவது சரணத்தில் டீச்சர் இடது கையை எங்கள் வரிசைப் பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டார். கொடுத்தேன். இருந்ததையெல்லாம் கொடுத்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது மனைவி காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"என்னட்டி? நல்லா இல்லியா?"

"எல்லாரும் நல்லாத்தான் பாடினியோ" என்றாள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆனா நானும் காதைத் தீட்டி வச்சிட்டுக் கேட்டுப் பாத்தேன். உங்க குரல் மட்டும் எனக்குக் கேக்கவே இல்ல."

அத்தனை பேருக்கு முன்னால் நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஊர்க்காரங்க பாக்குதாங்க, விடுங்க" என்றாள். பிறகு காரில் ஏறி, வழக்கம்போலத் தன் பக்கத்து ஜன்னலை நாலு விரற்கடை இறக்கினாள்.